ஓயாது படிக்கும் பொறி



விக்ரோலித் தமிழர்களுக்குப் பவாய் ஏரி தொலைவிலுள்ளதன்று. அதன் அருகே அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் சௌமேன் சக்ரவர்த்தி, வேறிருவருடன் சேர்ந்து 1999-இல் ஒரு முறையை வெளியிட்டார். இணையப் பக்கங்களையெல்லாம் வாரிக்கொண்டு வராமல், குறித்த பொருளைப் பற்றியவற்றை மட்டும் நாடிச் செல்லக் கணினியைப் பழக்கும் முறை அது.

அவ்வாறு கொணர்ந்தவற்றைப் படித்துக் கணினி தானே அறிவு பெறுமா? அமெரிக்காவில், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் டாம் மிட்செல் குழுவினர் இதைச் சோதிக்க 2010 ஜனவரியில் 'நெல்' என்னும் பொறியை இயக்கத் தொடங்கினர். நம் காதுக்கு இனிய பெயர்தான். எனினும் அது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவையே. இரவு பகலாக இணையத்தைப் படிப்பது அதன் வேலையாக இருந்தது.

அது கற்கும் விதம் எளிது. மதுரையும் மும்பையும் நகரங்கள் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அப்பெயர்களை அடுத்து 'மாநகர மேயர்' என்ற தொடர் அடிக்கடி வருவதைப் பொறி காண்கிறது. பிறகு அதே தொடரைக் கொண்டு புனே, கோவை என்று புதியவற்றைச் சேர்க்கிறது. அவற்றைக் கொண்டு மேலும் புதிய தொடர்களைப் பிடிக்கிறது.

இடர்ப்பாடும் இங்கேதான். 'குக்கி' என்பது ஆங்கிலத்தில் பிஸ்கோத்தையும் குறிக்கும். இணையதளங்கள் நம் கணினியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பையும் குறிக்கும். நெல் இரண்டாவதையும் அடுப்பில் சுட்ட பண்டமென்று கொண்டது. குக்கிகளை அழிப்பது போலவே கோப்புகளையும் அழிப்பதாகப் படித்தவுடன், கோப்புகளும் பலகாரமாயின! தன் பிழையையே சான்றாக நம்புவதால் பொறியின் பிழை பெருகுகிறது. மனிதர் தலையிட்டே திருத்தினர்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது வியப்பளிக்கவில்லை. தமிழிலோ சிக்கல் மிகுதி. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் தனித்து நிற்கும். நாமோ 'விக்ரோலியில்', 'விக்ரோலியிலிருந்து', 'விக்ரோலிக்காரர்' என்று உருபையும் விகுதியையும் ஒட்டிவிடுகிறோம். பெயரைப் பிரித்தெடுக்கவே இலக்கணம் வேண்டும். எழுத்திலும் ஒற்றுமை இல்லை: ஒருவர் மாடுங்கா என்பார், மற்றொருவர் மாட்டுங்கா என்பார், விக்ரோலி ஒருவர் கையில் விக்ரோளி ஆகும். எண்ணிக்கையையே நம்பும் பொறி இவற்றை வேறு வேறு ஊர்களாகப் பதிந்துகொள்ளக் கூடும். இரண்டும் ஒரே ரயில் நிலையந்தான் என்று அதற்குச் சொல்ல, தமிழும் அறிந்து, அந்நிலையத்தில் இறங்கியும் பழகிய ஒருவர் வேண்டும்.