மாக்கோழியும் சொல் விளையாட்டும்

(மகாவீரர் செயந்தி விழாவில் ஆற்றிய உரை)



உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு ஆங்கிலச் சொல்வளம் பெருகக் கணினி, கைப்பேசி விளையாட்டுகளைப் பயன்படுத்தலாமா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று எண்ணாதீர்கள். சொற்பொருளை விளையாட்டுப்போல் மனத்தில் பதிய வைக்கும் கலையில் நம் சமணச் சான்றோர் முன்னோடிகள். முந்தைய நிகண்டுகள் நூற்பாவால் அமைந்திருக்க, மண்டல புருடர் சூடாமணி நிகண்டை ஓசைமிக்க விருத்தத்தில் பாடினார். அதன் 11ஆம் தொகுதியாகிய ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதியில் சொற்களை எதுகை வரிசையில் நிறுத்தினார். ஒரு சொல் நினைவுக்கு வந்தால் அடுத்தது ஓசையாலேயே நாவில் வந்து நிற்கும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதனைப் பாடியே மனனம் செய்தனர்.

இக்கால விளையாட்டுகளுள் நான் மனமுவந்து பரிந்துரைப்பது ஃப்ரீரைஸ். ஜான் பிரீன் என்னும் அமெரிக்கர் 2007இல் தொடங்கி, 2009இல் ஐ.நா. உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைத்தது அது. ஓர் ஆங்கிலச் சொல்லும் நான்கு பொருள்களும் திரையில் தோன்றும். விடை சரியானால் பசித்தோர்க்கு அரிசி; தொடக்க நாளில் விடை ஒன்றுக்கு 10 மணிகள். செலவை விளம்பரதாரர் ஏற்றனர். தவறிய சொல் சற்று நேரத்தில் மீண்டும் வந்து நிற்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் இவ்வாறு திரும்பத் திரும்பக் கேட்க எந்த ஆசிரியரால் இயலும்? ஆகார தானமும் சாத்திர தானமும் ஒரே விரலசைவில்!

குறையும் உண்டு. நான்கில் ஒன்றைத் தொடுபவன் ஊகத்தாலும் வெல்வான். ‘லைட்’ என்றால் ஒளி என்று தொட்டு மதிப்பெண் பெற்ற பிள்ளை, கனமின்மை என்னும் பொருளை அறியாமலே போகலாம். ஆகவே ஆடி முடித்ததும் ஐந்து சொற்களையேனும் குறிப்பேட்டில் எழுதி, வாக்கியத்தில் அமைக்கச் செய்யுங்கள். இல்லையேல் சொல் கண்ணோடு நின்றுவிடும், நாவுக்கு வாராது.

“துப்பாக்கி விளையாட்டிலும் ஆங்கிலம் வருகிறதே, தாத்தா” என்று பேரப்பிள்ளைகள் வாதிடுவர். உண்மைதான், ‘டார்கெட்’, ‘எனிமி’, ‘சர்வைவ்’ எல்லாம் விரைந்து பதிகின்றன. திரையில் வீழ்வது உயிரன்று என்பதும் உண்மை. ஆயினும் யசோதர காவியம் பயின்ற மரபினர் நாம். தாய் சந்திரமதியின் சொற்கேட்டு யசோதரன் வெட்டியது மாவால் செய்த கோழியைத்தான், உயிர்க்கோழியை அன்று. எனினும் கொல்லும் எண்ணம் இருந்தது. அவ்வெண்ணத்தின் பயனாய்த் தாயும் மகனும் எடுத்த விலங்குப் பிறவிகளைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பிடுங்குவதைவிட அக்கதை வலிது.

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களில் அதன்பின் நேரம் நிரம்ப உண்டு. அதில் இருபது நிமிடம் போதும். அண்ணன் சொல்லைப் படிக்கட்டும். தங்கை பொருள் சொல்லட்டும். அருகில் பாட்டி அமர்ந்து, அதற்குத் தமிழில் என்ன என்று கேட்கட்டும்.