கழிவு யார் கணக்கில்?

(தாராவியில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய இரும்பைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அரசியல் பேச வேண்டிய மேடையில் பங்கார்க் கடை விவகாரம் எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி. அரிசி விலை அரசியல் என்றால், குடிசைக்குக் கொடுக்கும் வாடகை அரசியல் என்றால், தராசுத் தட்டும் அரசியல்தான். 13-ஆம் காம்பவுண்டிலும், குர்லாவிலும், ரே ரோடு தாருகானாவிலும் இந்த நகரம் கழித்துப்போட்ட உலோகத்தைப் பொறுக்கியும் பிரித்தும் சுமந்தும் வயிறு வளர்க்கும் ஆயிரக்கணக்கான மக்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒருநாள் கூலி தீர்மானமாவது அந்தத் தட்டில்தான்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. பழைய உலோகச் சரக்கோடு குப்பை கலந்து வருகிறது. எவ்வளவு குப்பையைக் கடை பொறுத்துக்கொள்கிறது? அந்தக் குப்பைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகள்தாம்.

ஆலையின் நியாயம்

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைப் பார்த்துவிடுவோம். குப்பை கலந்தால் நட்டம் என்று ஆலைக்காரர் சொல்வது பொய்யல்ல.

நம் மாநிலத்தில் ஜால்னா போன்ற ஊர்களில், பழைய இரும்பையும் ஸ்பாஞ்சு இரும்பையும் மின்தூண்டல் உலையிலே உருக்கிக் கட்டடக் கம்பி செய்கிறார்கள். ஒரு டன்னை உருக்க 500 முதல் 700 யூனிட் வரை மின்சாரம் பிடிக்கிறது. சரக்கோடு மண்ணும் சிமெண்டுக் கட்டியும் துருவும் போனால், அவற்றையும் அதே மின்சாரம் சூடேற்ற வேண்டியிருக்கிறது. பலன் கம்பியல்ல, கசடு. அந்தக் கசடு உலையின் உட்பூச்சையும் அரிக்கிறது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் எண்ணெயும் புகையாகிப் போகின்றன. அந்தப் புகை முதலில் போவது உலை வாயிலில் நிற்கும் தொழிலாளியின் நெஞ்சுக்குள்.

இதைவிடப் பெரிய தொல்லை செம்பு. இரும்பு ஆக்சிஜனோடு சேர்கிற அளவுக்குச் செம்பு சேர்வதில்லை. அதனால் உருகிய இரும்பிலிருந்து அதைக் கசடாக்கி எடுத்தெறிய வழியில்லை. உள்ளே போன செம்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. பின்பு இரும்பைச் சூடாக்கி உருட்டும்போது அது மேற்பரப்பில் சேர்ந்து வெடிப்பு உண்டாக்குகிறது. மோட்டாரைப் பிரிக்காமல் அப்படியே இரும்பு என்று போட்டால் வரும் கேடு இது. தனியே எடுத்தால் பணம் தரும் செம்பு, இரும்போடு போனால் இரும்பையும் கெடுக்கிறது.

ஆகவே சுத்தமான சரக்கு வேண்டும் என்று கேட்பது நியாயம். அந்தச் சுத்தத்தின் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான் வழக்கு.

பெரிய வியாபாரத்தின் விதி

கப்பல் கப்பலாகப் பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள் இதற்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் பழைய உலோக வியாபாரிகளின் அமைப்பு ஒன்று உண்டு. முன்பு அதன் பெயர் ஸ்கிராப் மறுசுழற்சித் தொழில் கழகம். 2024-இல் மறுசுழற்சிப் பொருட்கள் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது வெளியிடும் தர அட்டவணையைத்தான் இந்தியா உட்படப் பல நாடுகளின் வியாபாரிகள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறார்கள். முதல்தரக் கனரக இரும்பு என்றால் கால் அங்குலமும் அதற்கு மேலும் கனம் இருக்க வேண்டும். இரண்டாந்தரச் செம்புக் கம்பி என்றால் பெயரளவில் 96 சதவீதம் செம்பு இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பெயர், ஒரு எண், ஒரு இலக்கணம்.

குப்பையைப் பற்றியும் அதிலே விதி இருக்கிறது. சரக்கில் மண்ணோ, வேற்று உலோகமோ, வேறு பொருளோ இருக்கக்கூடாது என்று முதலில் கண்டிப்பாகச் சொல்கிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது. வழக்கமான முறையில் சரக்கைத் தயாரித்துக் கையாளும்போது தவிர்க்க முடியாமல் சேர்ந்துவிட்ட அற்ப அளவு, தற்செயலானதாக இருந்தால், குற்றமாகாது. இரும்பைத் தரையிலிருந்து அள்ளினால் கொஞ்சம் மண் ஒட்டத்தான் செய்யும் என்பதை அந்தக் கோடீசுவரர்களே எழுதிவைத்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்!

அரசுகளும் அளவு வைக்கின்றன. 2018 மார்ச் முதல் சீனா தன் நாட்டுக்குள் வரும் பழைய இரும்பில் வேற்றுக் குப்பை 0.5 சதவீதத்துக்கு மேலும், இரும்பல்லாத உலோகங்களில் 1 சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடாது என்று கட்டளையிட்டது. பணக்கார நாடுகளின் குப்பைத்தொட்டியாக இருக்க மாட்டோம் என்பது அதன் பொருள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய வியாபாரத்தில் அளவு முன்கூட்டியே எழுதப்படுகிறது. சரக்கு வந்தபின் பார்க்கிறார்கள். அளவுக்கு மேல் குப்பை இருந்தால்தான் விலையைக் குறைக்கிறார்கள், அல்லது சரக்கைத் திருப்புகிறார்கள். பார்த்த பிறகுதான் பிடித்தம்.

நம் தராசில் நடப்பது

நம் மக்கள் விற்கும் தராசுக்கு வருவோம். பல கடைகளில் சரக்கைக் கொட்டிப் பார்ப்பதற்கு முன்பே பிடித்தம் தயாராக இருக்கிறது. நூற்றுக்கு ஐந்து என்பார்கள். மழைக்காலமானால் நூற்றுக்கு பத்து என்பார்கள். மண் இருந்தாலும் ஐந்து, கழுவித் துடைத்துக் கொண்டுபோனாலும் ஐந்து!

இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் எடையைக் கழிப்பார்கள். மழை பெய்யாத நாளிலும் ஈரம் கழிந்துகொண்டுதான் இருந்தது. மலையை விட்டு இறங்கி, ரயிலேறி, தாதரில் வந்து இறங்கினோம். கழிவு நமக்கு முன்னே வந்து தராசடியில் உட்கார்ந்திருக்கிறது.

கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு தாய் நாளொன்றுக்கு 50 கிலோ இரும்பு கொண்டுபோகிறாள். ஐந்து சதவீதம் பிடித்தால் இரண்டரைக் கிலோ போயிற்று. அதிலே உண்மையான மண்ணும் குப்பையும் ஒரு கிலோ என்றால், ஒன்றரைக் கிலோ நல்ல இரும்பு இலவசமாகக் கடைக்குப் போகிறது. மாதம் 26 நாள் உழைத்தால் 39 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 1,170 ரூபாய். இப்படி இருபது பேர் ஒரு கடைக்குப் போட்டால் மாதம் 23,400 ரூபாய்! யாரும் திருடவில்லை, யாரும் அடிக்கவில்லை. கழிவு என்ற ஒரு சொல்தான் இதைச் செய்கிறது.

பிடித்த அந்த இரண்டரைக் கிலோவைக் கடைக்காரர் குப்பையில் கொட்டுகிறாரா? இல்லை. மண்ணும் இரும்பும் சேர்ந்தே லாரியில் ஏறுகின்றன. அடுத்த குடோனில் முழு எடையாக நிற்கின்றன. அங்கே பிடித்தம் உண்டென்றால் அதற்கும் சேர்த்துத்தான் இங்கே முன்கூட்டிப் பிடித்தாகிவிட்டதே! படிக்கட்டில் மேலே நிற்பவன் ஒவ்வொருவனும் தன் நட்டத்தைக் கீழ்ப்படிக்கு உருட்டுகிறான். கடைசிப்படியில் நிற்கிறவளுக்குக் கீழே தரைதான் இருக்கிறது.

இன்னொரு தீமையும் உண்டு. சுத்தம் செய்தாலும் ஐந்து, செய்யாவிட்டாலும் ஐந்து என்றால் எவன் சுத்தம் செய்வான்? பிடிக்கத்தானே போகிறான் என்று குழாய்க்குள் மண்ணை அடைப்பவர்களும், தகர டப்பாவுக்குள் கல்லை வைத்து நசுக்குபவர்களும் உண்டாகிறார்கள். அதைக் காட்டிக் கடைக்காரர் பிடித்தத்தை ஏற்றுகிறார். நேர்மையானவர் இருவருக்கும் நடுவிலே நசுங்குகிறார். குப்பையைக் குறைப்பதற்கென்று சொல்லப்படும் பிடித்தமே குப்பையை வளர்க்கிறது.

செம்புக் கம்பியிலும் இதே கதை. மேலுறைக்குப் பிடிப்பார்கள் என்று பயந்து நம் பிள்ளைகள் கம்பியைக் குவித்துத் தீ வைக்கிறார்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் இருக்கின்றன. இத்தனையும் சுவாசித்துவிட்டுக் கொண்டுபோனால், எரித்த கம்பி கறுத்துவிட்டது என்று விலையைக் குறைக்கிறார்கள். தர அட்டவணையிலும் எரிக்காமல் உரித்த பளபளப்பான கம்பிக்குத்தான் முதலிடம். உரிக்கக் கத்தியும் பொறுமையும் போதும். எரித்தால் காசும் போகிறது, உடலும் போகிறது.

உயிரைக் குடித்த கலப்பு

கலப்பு என்பது காசோடு நிற்பதல்ல. மூடிய சிலிண்டரோ, தண்ணீர் தங்கிய குழாயோ உலைக்குள் விழுந்தால், தண்ணீர் ஒரு நொடியில் நீராவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. உருகிய இரும்பு மழையாகத் தெறிக்கிறது. 2004 செப்டம்பர் 30 அன்று, டில்லிக்கு அருகே காசியாபாத் சாகிபாபாதில் உள்ள ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு வெடிக்காத குண்டுகள் கலந்து வந்திருந்தன. அவை வெடித்துப் பத்துத் தொழிலாளிகள் இறந்தார்கள். அதன் பிறகே, துண்டாக்கப்படாத பழைய இரும்பைக் கப்பலில் ஏற்றுமுன் பரிசோதித்துச் சான்று பெற வேண்டும் என்ற கட்டுப்பாட்டை மத்திய அரசு இறுக்கியது. போர்க்களத்தின் குப்பைக்கும் கடைசி விலை கொடுத்தவன் நம்மைப் போன்ற ஒரு கூலிதான்.

2010-இல் டில்லி மாயாபுரிச் சந்தையில் நடந்ததும் தெரிந்ததே. டில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த கதிரியக்கக் கருவி ஒன்று ஏலத்தில் பழைய சாமானாக விற்கப்பட்டது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. பிரித்தவர்களுக்கு அது தெரியாது. ஒருவர் இறந்தார், மேலும் சிலர் கதிர்வீச்சு நோயால் மருத்துவமனையில் கிடந்தார்கள். படித்தவர்கள் நிறைந்த இடத்திலிருந்து வந்த சரக்கு அது! ஐந்து சதவீதம் பிடித்துக்கொள்ளும் தராசு இதைக் கண்டுபிடிக்குமா? பார்க்காமல் பிடிக்கிற வழக்கம் காசைத் திருடுவதோடு, பார்த்துப் பிரிக்கும் பழக்கத்தையே அழிக்கிறது. அந்தப் பழக்கம் அழிந்த இடத்தில் உயிர் போகிறது.

நாம் கேட்க வேண்டியது

இனி என்ன செய்வது? கடைக்காரரைப் பகைவர் என்று தூற்றுவதால் பயனில்லை. சிறு கடைக்காரரும் மேலே உள்ளவருக்குக் கடன்பட்டவர்தான். நாம் கேட்பது முறை, தயவல்ல.

முதலாவது, பிடித்தம் பார்த்த பிறகே இருக்க வேண்டும். சரக்கைக் கொட்டுங்கள், குப்பையைத் தனியே எடுங்கள், எடுத்ததை நிறுத்துக் கழியுங்கள். கழித்த குப்பையை எங்கள் கண்முன் அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது, தரத்துக்கேற்ற விலைப்பலகை. கன இரும்பு, தகரம், வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை, உரித்த செம்பு, எரித்த செம்பு என்று பிரித்து, எல்லாரும் படிக்கும்படி இந்தியிலும் மராட்டியிலும் தமிழிலும் எழுதி மாட்டட்டும்.

மூன்றாவது, முத்திரையிட்ட தராசு. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வியாபாரத் தராசு சரிபார்த்து முத்திரை பெற்றிருக்க வேண்டும். முத்திரையையும் தேதியையும் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

நான்காவது, வரியின் பெயரால் பிடிக்கக்கூடாது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாதவரிடம் பதிவு பெற்ற வியாபாரி உலோகக் கழிவு வாங்கினால் ஜி.எஸ்.டி. கட்டும் பொறுப்பு வாங்குகிறவருடையது. பொறுக்கி விற்கிறவளிடம் ஜி.எஸ்.டி. என்று சொல்லிக் கழிப்பதற்கு நியாயமில்லை.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கல்லும் மண்ணும் வைப்பதை நாமே நிறுத்த வேண்டும். மூடிய சிலிண்டர், குண்டு போன்ற பொருள், மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ்க் குறியிட்ட பெட்டி ஆகியவற்றைத் தொடக்கூடாது. விலக்கி வைத்துப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கம்பி எரிப்பதைத் தாய்மார்கள் தடுக்க வேண்டும்.

இவையெல்லாம் தனி ஆளாகக் கேட்டால் நடக்காது. வேண்டாமென்றால் வேறு கடைக்குப் போ என்பார்கள். பக்கத்தில் புனே இருக்கிறது. 1993-இல் அங்கே காகிதமும் கண்ணாடியும் பொறுக்குகிறவர்கள் ஒன்றுகூடித் தொழிற்சங்கம் அமைத்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை பெற்றார்கள். தங்கள் சொந்தப் பழைய பொருள் கடைகளையும் நடத்தினார்கள். தராசு அவர்கள் கைக்கு வந்தபோது, கழிவு எவ்வளவு என்பதைத் தராசுக்கு இரு புறமும் நின்று அவர்களே பார்த்தார்கள். அவர்கள் நம்மைவிட வசதியானவர்களோ, நம்மைவிட அதிகம் படித்தவர்களோ அல்லர்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வருவோம். வருகிற மாதம் முழுவதும், சரக்குப் போடுகிற நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அன்றன்றைய எடையையும், பிடித்த எடையையும், உண்மையில் இருந்த குப்பையையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எழுதட்டும். மராட்டியத் தோழர்களையும் உத்தரப் பிரதேசத் தோழர்களையும் சேர்த்துக்கொள்வோம். தராசுக்கு மொழி கிடையாது. அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் கடைக்காரர்களைச் சங்கத்தின் பெயரால் சந்திப்போம்.

மண்ணுக்கு உண்டான கழிவை மறுக்க மாட்டோம். நம் உழைப்பை மண் என்று கழிப்பதற்கு இனி இடம் கொடுக்க மாட்டோம்.