தோல் தைக்கும் இயந்திரம்



துணி தைக்கும் இயந்திரத்தைச் சற்று வலுவுள்ளதாக வாங்கிவிட்டால் தோலையும் தைத்துவிடலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். படிப்பை முடித்துக் கைப்பை, இடைவார், செருப்பு முதலியன செய்து பிழைக்க முற்படும் இளைஞர் ஒருவர் இவ்வெண்ணத்தோடு கடைக்குச் சென்றால், கடன் வாங்கிய பணம் வீணாகும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலில் பெயர் பெற்ற ஊர்களைக் கொண்ட நம் நாட்டில், இதனை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

முதலில் தோலின் இயல்பை நோக்குவோம். துணி நூலிழைகளால் நெய்யப்பட்டது. ஊசி நுழையும்போது இழைகள் விலகி வழிவிட்டுப் பின்னர் நெருங்கிக்கொள்ளும். தோலிலோ ஊசி இட்ட துளை இட்டதுதான். தையலைப் பிரித்தாலும் வடு மறையாது. துளைகளை மிக நெருக்கமாக இட்டால், அஞ்சல் தலைத் தாள் துளை வரிசையில் கிழிவதுபோலத் தோலும் கிழிந்துபோகும். ஆகவே கனத்த தோலில் ஓர் அங்குலத்திற்கு ஆறு முதல் எட்டுத் தையல் போதும். நீண்ட தையலை ஒரே சீராக இடவல்லதா என்பதே இயந்திரத்திற்கு நாம் வைக்கும் முதல் தேர்வு.

அமெரிக்கரான எலியாஸ் ஹோ 1846-லும், ஐசக் சிங்கர் 1851-லும் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றனர். அவ்வழியில் வந்த சாதாரண இயந்திரத்தில், கீழேயுள்ள பற்களே துணியை நகர்த்துகின்றன. மேலேயுள்ள பாதம் அழுத்திப் பிடிப்பதோடு சரி. தோலை வைத்தால் பாதம் மேல்தோலைப் பற்றி நிறுத்த, அடித்தோல் மட்டும் முன்னே செல்லும். தொடக்கத்தில் ஒத்திருந்த இரு விளிம்புகளும் முடிவில் ஒத்திரா. இக்குறையை நீக்கவே, பற்களும் ஊசியும் பாதமும் ஒருங்கே நடக்கும் இயந்திரம் அமைந்தது. தோல் வேலைக்கு ஏற்றது இதுவே.

அடுத்து வடிவம். இடைவார், பணப்பை போன்ற தட்டையான பொருள்களுக்குச் சமதளப் படுகை போதும். உருண்ட பைகளின் ஓரத்தைத் தைக்க உருளைக் கை வேண்டும். காலணியின் மேற்பாகத்திற்குத் தூண்போல் எழுந்து நிற்கும் படுகை தேவை. எனவே எதைச் செய்யப் போகிறோம் என்று துணிந்த பின்னரே கடைக்குச் செல்க.

ஊசியிலும் கருத்து வேண்டும். 110 எனக் குறித்த ஊசி 1.10 மில்லிமீட்டர் பருமன் உள்ளது. தோலுக்குரிய ஊசியின் முனை கத்திபோல் வெட்டிச் செல்லும். பருத்தி நூல் ஈரத்தாலும் தோலில் ஊறிய துவர்ப்பொருளாலும் நைந்துபோகுமாதலால், நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலே நன்று.

மோட்டாரைப் பொறுத்தவரை வேகத்திற்கு மயங்காதீர்கள். மிகை வேகத்தில் ஊசி சூடேறி நூலை உருக்கிவிடும். மூலை திரும்புமிடத்தில் ஒவ்வொரு தையலாக இடவேண்டும். மெல்ல ஓடும்போதும் வலிமை குன்றாத சர்வோ மோட்டாரே புதிதாகப் பழகுவோர்க்கு உகந்தது.

இயந்திரத்தின்மேல் எழுதியுள்ள புகழ்மொழியை நம்பி வாங்கவேண்டா. நீங்கள் தைக்கப்போகும் தோலையும் நூலையுமே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒரு மடிப்பிலிருந்து மூன்று மடிப்பிற்கு ஏறும் இடத்தில் தையல் குறுகுகிறதா என்று நோக்குங்கள். தோலைத் திருப்பி அடித்தையலையும் ஆராயுங்கள். உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் அருகில் கிடைப்பரா என்று வினவுங்கள்.

பணம் போதாதவர் மனந்தளர வேண்டுவதில்லை. குத்தூசியால் துளையிட்டு, ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்துத் தைக்கும் கைத்தையல், இயந்திரத் தையலினும் உறுதியானது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் எளிதில் பிரியாது. கையால் தைத்துப் பொருளீட்டி, பின்னர் இயந்திரம் வாங்கலாம்.

தோலைத் தொடுவது தாழ்வென்று கருதிய மடமை நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றார். தம்மைச் சிறையிட்ட ஆட்சியின் அமைச்சரான ஸ்மட்ஸுக்கு 1914-ல் தாம் செய்த செருப்பினைப் பரிசளித்தார். தொழிலில் இழிவில்லை, அறியாமல் செய்வதிலேதான் இழிவுண்டு. பொருளின் இயல்பறிந்து கருவியைத் தேர்வோர்க்கு அத்தொழில் சோறும் தரும், மதிப்பும் தரும்.