மூலத்தின் மூலம்



சபையில் சொல்ல நாணும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேச முன்வந்திருக்கிறேன். மூலநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபின் உடல் எவ்வாறு தேறுகிறது, அந்நோய் மறுபடியும் வருமா என்பதே அப்பொருள். இளைஞர்களாகிய எங்களுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். ஐம்பத்திரண்டாம் வயதில் என்னைப் படுக்கையில் கிடத்திய நோய்க்கு இடந்தந்த பழக்கங்களை நான் கற்றுக்கொண்டது உங்கள் வயதில்தான்.

எங்கள் கரிசல் பூமியில் கோடை என்றால் குடிநீருக்கே திண்டாட்டம். தாகத்தைப் பொறுத்துக்கொள்வது ஒரு பெருமை. காலையில் கோவில்பட்டிப் பள்ளிக்கு ஓடும் அவசரத்தில் வெளிக்குச் செல்வதையும் தள்ளிப்போடுவேன். ஆசிரியரான பின்னும் இவ்வழக்கம் மாறவில்லை. பின்னர் இரத்தம் கண்டது. நான் செய்தது என்ன? ஆறு ஆண்டுகள் மறைத்தேன், வீட்டாரிடமும் சொல்லவில்லை. சுகாதார விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட கை, தன் நோயை ஒரு மருத்துவரிடம் எழுதிக் காட்டவும் கூசியது.

மூலம் என்பது புதிதாக முளைக்கும் கட்டி அன்று. குதவாயின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் எல்லோருக்கும் உண்டு. வழியை நன்கு மூடி வைக்க அவை உதவுகின்றன. மலம் இறுகி, நாம் முக்க முக்க, அவை வீங்கிக் கீழிறங்குகின்றன. அந்த வீக்கமே மூலநோய். தொடக்கத்தில் உணவினாலும் மருந்தினாலும் அடங்கிவிடும். வெளித்தள்ளி, உள்ளே செல்ல மறுக்கும் நிலை வந்தால் பெரும்பாலும் கத்தி தேவைப்படுகிறது.

சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூலிலேயே மருந்து, காரம், சூடு, ஆயுதம் என நான்கு வழிகள் இந்நோய்க்குக் கூறப்பட்டுள்ளன. இக்காலத்தில் பெருவழக்காக உள்ள அறுவை முறை, 1937இல் லண்டன் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மில்லிகன், மார்கன் முதலியோர் வெளியிட்டது. அதில் வீங்கிய பகுதியை அறுத்தெடுத்துப் புண்ணைத் தைக்காமல் விடுகிறார்கள். அது அடியிலிருந்து தானே ஆறி வரவேண்டும். ஆதலால் தேறுவதற்குப் பொறுமை வேண்டும்.

முதல் வாரம் கடினமானது. முதன்முறை மலம் கழிப்பது அதனினும் கடினம். அதற்கு அஞ்சிப் பட்டினி கிடப்போர் உண்டு. நானும் இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரோடு காலம் கழித்தேன். அது பெரும் பிழை. உண்ணாதவனுக்கு மலம் குறைந்து இறுகும். இறுகிய மலம் புண்ணைக் கிழிக்கும். மருத்துவர் தரும் வலி மருந்தையும் மலமிளக்கியையும் தவறாது உட்கொள்ளவேண்டும். இளஞ்சூடான நீர் நிறைந்த அகன்ற தொட்டியில் நாள்தோறும் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்தால் தசை தளர்ந்து வலி குறையும். சில நாள் சிறிதளவு இரத்தம் படுவது இயல்பு. ஆனால் இரத்தம் மிகுதியாகப் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பெருகும் இரத்தப் போக்கு இரண்டாம் வாரத்திலும் நேரலாம். பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேலைக்குத் திரும்புகின்றனர். புண் முழுதும் ஆற அதற்கு மேலும் ஆகலாம்.

இனி, நோய் திரும்புமா? திரும்பக்கூடும். அறுத்தெடுக்கும் முறைக்குப் பின் அது குறைவு. வேறு சில எளிய முறைகளுக்குப் பின் சற்று மிகுதி. பிரிட்டனில் 777 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், கருவியால் தைக்கும் புதிய முறையைவிடப் பழைய அறுவை முறையிலேயே நோய் திரும்புவது குறைவு என்று கண்டனர். எனினும் கத்தி வீக்கத்தை அகற்றுமேயன்றிப் பழக்கத்தை அகற்றாது. களையெடுத்த புஞ்சையில் மறு மழைக்குக் களை முளைப்பதில்லையா?

எனக்கும் அதுவே நேர்ந்தது. ஓராண்டு ஒழுங்காக இருந்தேன். பின்னர் பழையபடி மூன்று வேளையும் அரிசிச் சோறு, குறைந்த தண்ணீர், கழிவறைக்குள் செய்தித்தாள். எட்டாம் ஆண்டில் மீண்டும் இரத்தம். ஆனால் இம்முறை நான் மறைக்கவில்லை. அந்த வாரமே சென்றேன். மருத்துவர் முதலில் குடலை உள்நோக்கிக் கருவியால் ஆராய்ந்தார். இரத்தமெல்லாம் மூலம் என்று எண்ணலாகாது, குடற்புற்றும் இவ்வாறே தோன்றக்கூடும் என்றார். நல்வேளையாக எனக்கு அது இல்லை. எஞ்சியிருந்த திசு சிறிதே வீங்கியிருந்தது. ரப்பர் வளையம் இட்டதோடு முடிந்தது; கத்தி வேண்டியிருக்கவில்லை. ஆறு ஆண்டு மறைத்ததற்கும் ஒரு வாரத்தில் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உகாண்டாவில் பல்லாண்டு பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்னும் மருத்துவர், நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணும் கிராம மக்களிடம் மூலம் அரிது என்று 1970களில் எழுதினார். அவர் கூற்று அனைத்தும் நிலைபெறவில்லை. ஆயினும் நார்ச்சத்து இந்நோயில் இரத்தப் போக்கைக் குறைக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. அந்த நார்ச்சத்தைத் தேடி நாம் அலையவேண்டியதில்லை. கம்பும் சோளமும் குதிரைவாலியும் நம் கரிசலில் விளைபவை. பாசிப்பயறும் உளுந்தும் அப்படியே.

எனவே நண்பர்களே, தாகத்தைப் பொறுக்காதீர்கள். வெளிக்குப் போகும் உணர்வை அடக்காதீர்கள். கழிவறைக்குள் கைப்பேசியோடு உட்காராதீர்கள். இரத்தம் கண்டால், நாணத்தை விட்டுப் பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். வீட்டில் எவரேனும் அறுவை செய்துகொண்டு வந்தால், அவருக்குத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுங்கள், நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சித்தான் நான் ஆறு ஆண்டு வாய்மூடி இருந்தேன்.