பள்ளிக்கூடத்தில் வாத்தியம் ஏன் வேண்டும்?

(புதுப்பட்டினத்தில் தொழிலாளர், விவசாயக் கூலிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் நாயனத்தையும் பறையையும் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயம்தான். அரை வயிற்றுக் கஞ்சிக்கு ஆலாய்ப் பறக்கிற வீட்டில் ஆலாபனை எதற்கு என்று நம் ஜனங்கள் கேட்பார்கள். ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன்: நம் பிள்ளைக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று தீர்மானித்தது யார்? நாமா?

நம் ஊரை ஒட்டிக் கல்பாக்கம் இருக்கிறது. அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. உலையோடு குடியிருப்பு வந்தது. குடியிருப்போடு கேந்திரிய வித்தியாலயம் வந்தது. அந்தப் பள்ளிகளின் ஏற்பாட்டில் ஆரம்ப வகுப்புகளுக்கே சங்கீதத்துக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் பதவி உண்டு. நல்ல காரியம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அங்கே படிப்பவர்களும் நம் பிள்ளைகளே. குழந்தைக்குச் சங்கீதம் அவசியம் என்று டில்லி சர்க்கார் அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே சர்க்கார் நாட்டு மக்களுக்கெல்லாம் சட்டம் போட்டபோது, காண்ட்ராக்ட் கூலியின் பிள்ளைக்கும் நாற்று நடுகிறவளின் பிள்ளைக்கும் என்ன எழுதி வைத்தது?

நூறு தலை கணக்கு

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால் கலைக் கல்விக்கும், உடற்கல்விக்கும், தொழிற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டும் என்று அது சொல்கிறது. கவனியுங்கள்: நூறுக்கு மேல்! தொண்ணூறு பிள்ளைகள் படிக்கிற கிராமத்துப் பள்ளிக்குக் காது கிடையாதா? கை கிடையாதா? அதோடு, "கலை" என்ற ஒரே சொல்லுக்குள் ஓவியம், பாட்டு, வாத்தியம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். ஓர் ஓவிய ஆசிரியர் வந்து சேர்ந்தால் போதும், சட்டத்தின் பசி தீர்ந்துவிடும்.

இந்தச் சட்டத்தையொட்டித் தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல், கம்ப்யூட்டர், இசை எல்லாம் அதற்குள் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக ஏறி 2024-ல் அது 12,500 ஆயிற்று. பன்னிரண்டு வருஷ ஏற்றம் இவ்வளவுதான்! மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் சம்பளமும் கிடையாது என்றார்கள். வயிற்றுக்கும் விடுமுறை விட முடியுமா, தோழர்களே? 2021 தேர்தலில் பணி நிரந்தரம் செய்வோம் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. அதன் பிறகும் அந்த ஆசிரியர்கள் சென்னைத் தெருவில் பலமுறை உட்கார வேண்டியிருந்தது.

டில்லி செய்ததையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆசிரியர்களின் நியமனம் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைச் சேர்ந்தது. தன் புதிய கல்விக் கொள்கைக்குத் தலையாட்டவில்லை என்பதற்காக, 2024-25-ஆம் ஆண்டில் அந்தத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. இந்தச் சண்டையில் முதலில் அறுபடுவது கணக்குப் பாடமா? இல்லை. வீணையின் தந்திதான்.

தோல் யாருடையது, மேடை யாருடையது?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் வாத்தியத்தைச் செய்கிற கை வேறு; வாசிக்கிற கை வேறு.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலா மரத்தைக் குடைந்து கட்டை. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் வலந்தலைக்கும் தொப்பிக்கும். இழுத்துக் கட்ட எருமைத் தோல் வார். வலந்தலையின் நடுவே கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய கறுப்பு வட்டம். அது மயிரிழை கனத்தால் சுருதி பேசாது. தோலைப் பார்த்ததும், மாட்டின் வயசு என்ன, கன்று ஈன்றதா என்று சொல்லிவிடக்கூடியவன்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். இது விஞ்ஞானம் இல்லையா? பாலக்காடு மணி ஐயரின் கச்சேரியை உலகம் அறியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மிருதங்கம் செய்கிற தலித் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்திரம், புத்தகத்தின் ஒரு பகுதி பத்திரிகையில் வந்தவுடன் அனுமதியை வாபஸ் வாங்கிக்கொண்டது. மாட்டுத் தோலின் நாதம் மேடைக்கு ஆகும். மாட்டுத் தோலைப் பற்றிய பேச்சு ஆகாதாம்!

பறையின் கதை இதற்கு நேர் எதிர். அதைச் செய்கிறவனும் அடிக்கிறவனும் ஒருவனே. மரச் சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டி, தீயில் காட்டி முறுக்கேற்றி, சிண்டுக் குச்சியாலும் அடிக் குச்சியாலும் அவன் எழுப்புகிற தாளக் கட்டுகளைக் காகிதத்தில் எழுத உட்கார்ந்தால் தெரியும், அது எவ்வளவு பெரிய கணக்கு என்று. ஆனால் அவனைச் சாவுக்கு வா என்றார்கள். வராவிட்டால் ஊர்க் கட்டுப்பாடு என்றார்கள். கூலியும் கொடுக்கவில்லை, கொடுத்தாலும் எட்ட நின்று வீசினார்கள். ஆகவே, "இனி அடிக்கமாட்டோம்" என்று பறையைக் கீழே போட்ட இளைஞர்கள் உண்டு. அவர்கள் செய்தது இசைக்கு விரோதமான காரியம் அல்ல. அடிமைத்தனத்துக்கு விரோதமான வேலைநிறுத்தம்!

இப்போது காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025-ல் அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் பள்ளிக்கூடத்தில் பறை வரும்போது ஒரு கண் வைத்திருங்கள். சேரிப் பிள்ளையைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் நன்றாக வருமே, நீ பறை எடு, அவன் வயலின் எடுக்கட்டும்" என்று ஒரு வாத்தியார் சொன்னால், அது பழைய வெட்டியான் வேலைக்குப் புது யூனிபாரம் மாட்டிய கதைதான். ஊர்ப் பிள்ளையும் பறை அடிக்க வேண்டும். சேரிப் பிள்ளை ஆசைப்பட்டால் வயலின் வேண்டும். பெண் பிள்ளை தவிலைத் தோளில் மாட்டினால் சிரிக்கக் கூடாது. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாதசுரத்தைக் கையில் எடுத்தபோதும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். நின்றது அவருடைய நாயனம். ஷேக் சின்ன மௌலானா திருவரங்கத்திலேயே தங்கி வாசித்து அங்கேயே சீடர்களைத் தயார் செய்தவர். நாயனம் அவரிடம் மதம் கேட்கவில்லை.

மாமல்லபுரத்தில் முடிந்தது

பரம்பரையாக ஒரு சாதிக்குள் இருந்த வித்தையைப் பொதுப் பள்ளியில் கற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்பவர்களைக் கைப்பிடித்து மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போங்கள். 1957-ல் சர்க்கார் அங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. பின்னால் அது கல்லூரியாகவும் வளர்ந்தது. தகப்பன் ஸ்தபதியாக இருந்தால்தான் உளி பிடிக்கலாம் என்று அங்கே விதி இல்லை. கல்லுக்கு முடிந்தது தோலுக்கும் தந்திக்கும் முடியாதா?

சர்க்கார் இசைப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் என்று பதினேழு தொடங்கினார்கள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழும் மூன்று வருஷப் படிப்பு. நாதசுரமும் தவிலும் கற்க, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அந்த ஏழில் பறை இல்லை. நமக்குத் தெரிந்த இசைப் பள்ளி காஞ்சிபுரத்தில். புதுப்பட்டினத்துப் பிள்ளை அறுபது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் வாசித்துவிட்டு என்றைக்குத் திரும்புவது?

தொழிலாளி ஊதிய எக்காளம்

மில் தோழர்களுக்கு ஒரு சேதி. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்துக் கம்பளி ஆலை ஒன்றில் 1855-ல் பித்தளை வாத்தியக் குழு ஒன்று உருவாயிற்று; பிளாக் டைக் மில்ஸ் என்பது பெயர். அங்கே வாத்தியங்களை முதலாளி வாங்கிக் கொடுத்தான். தொழிலாளி சாராயக் கடைக்கும் சங்கத்துக்கும் போகாமல் இருப்பான் என்ற கணக்கு அந்தக் காலத்து முதலாளிகளுக்கு இருந்தது. ஆனால் நிலக்கரிச் சுரங்கத்துக் குழுக்கள் வேறு மாதிரி. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு பிடித்துக் கொடுத்து வளர்த்தவை அவற்றில் பல. 1917-ல் தொடங்கிய கிரைம்தோர்ப் குழு, 1992-ல் சுரங்கத்தை மூடப் போவதாக அறிவிப்பு வந்த அதே மாதம் தேசியப் போட்டியில் வென்றது. அடுத்த வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். குழுவை மூட முடியவில்லை.

சோவியத் நாடு இருந்த காலத்தில் அங்கே குழந்தைகளுக்கு ஏழாண்டு இசைப் பள்ளிகள் ஊர் ஊராக நடந்தன. வெனிசுவேலாவில் 1975-ல் அப்ரேயு என்பவர் ஒரு கார் கொட்டகையில் ஒரு சில பிள்ளைகளோடு தொடங்கிய வாத்தியக் குழு, சர்க்கார் பணத்தால் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பரவியது. ஏழைப் பிள்ளைக்கு வாத்தியம் இலவசம். முதல் நாளே கூட்டத்தோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது அங்கே முறை.

நம் இயக்கத்துக்கும் இதில் பெருமை உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினார். அவருடைய குழுவில் ஆர்மோனியமும் தாளமுமாக ஊர் ஊராக அலைந்த தம்பிதான் இளையராஜா. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அவர் வாத்தியம் கற்றது கட்சி மேடையில். ஓர் அண்ணன் வாய்த்தான், ஒரு மேடை வாய்த்தது. வாய்க்காமல் போனவர்கள் எத்தனை பேர்? எம்.பி. சீனிவாசன் மற்றொருவர். ஊர் ஊராகச் சேர்ந்திசை கற்பித்த அந்தத் தோழர், 1988 மார்ச்சில், கற்பிக்கப் போன லட்சத்தீவிலேயே உயிர் விட்டார்.

இந்தக் கடற்கரையில் வலை இழுக்கிறவனுக்கு அம்பாப் பாட்டு இருந்தது. ஏற்றம் இறைத்தவனுக்கும் நடவு நட்டவளுக்கும் பாட்டு இருந்தது. மோட்டார் பம்பும் இயந்திரப் படகும் வந்து பாரம் குறைந்தது, பாட்டும் போயிற்று. பம்பை நான் பழிக்கவில்லை. முன்பு வேலையே நம் பிள்ளைக்குத் தாளம் கற்பித்தது. இனி அதைப் பள்ளிக்கூடம்தான் செய்ய வேண்டும்.

என்ன கேட்பது? வாத்தியங்கள் பள்ளியின் சொத்தாக இருக்க வேண்டும். பிள்ளை வாங்கி வரச் சொல்லக் கூடாது. நூறு தலை கணக்கு போகவேண்டும். ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளமும் நிரந்தர வேலையும் வேண்டும். நம் பக்கத்துப் பறை ஆசான்களிடமும் நாயனக்காரர்களிடமும் சர்டிபிகேட் இராது, வித்தை இருக்கிறது. அவர்களை நியமிக்க விதியைத் திருத்த வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். இது சட்டம். தாய்மார்களே, அந்தக் கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். மே முதல் தேதி நம் கொடி ஏறுகிற நாள். அன்றைக்கே கிராம சபையும் கூடுகிறது. கொடியேற்றம் முடிந்ததும் எல்லோரும் நேரே அங்கே வாருங்கள். தீர்மானத்தை இரண்டு நகல் எழுதி எடுத்து வாருங்கள். ஒன்றில் ஊராட்சிச் செயலாளரிடம் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.