வீட்டிற்குள் ஒரு கொடி



தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரம் மலர் வளர்ப்பிற்குப் பெயர் பெற்றது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஓசூரைச் சுற்றிலும் பசுமைக் குடில்களில் ரோஜா மலர்கள் வளர்ந்து வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. அத்தகைய ஊர்ப்புறத்தில் நின்றுகொண்டு, மலரே காணாத ஒரு கொடியைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அதுதான் மணி பிளாண்ட். தொழிற்சாலைப் பணிக்காக வந்து வாடகை அறையில் தங்கியிருப்போரின் சன்னலிலும், கடைகளின் கல்லாப் பெட்டிக்கு அருகிலும், மாணவர் விடுதி மேசையிலும் இது இருக்கக் காண்கிறோம். வைத்திருப்போர் பலர், அதன் இயல்பை அறிந்தோர் சிலரே.

இக்கொடியின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் தாகித்தித் தீவை அடுத்துள்ள மூரியா என்னும் சிறு தீவு. 1880-ஆம் ஆண்டில் தாவரவியலார் இதற்குப் போத்தாஸ் ஆரியஸ் எனப் பெயரிட்டனர். பின்னர்ப் பெயர் பலமுறை மாறி, இன்று எப்பிபிரெம்னம் ஆரியம் என்று வழங்குகிறது. பழைய பெயரிலுள்ள போத்தாஸ் என்னும் சொல் சிங்கள மொழியிலிருந்து பெறப்பட்டது. நம் வீட்டுச் சமையலில் இடம்பெறும் சேம்பும் கருணையும் இதற்கு உறவினம்.

இது இயற்கையாகப் பூத்ததற்கான கடைசிப் பதிவு 1964-ஆம் ஆண்டினது என்பர். பூக்கத் தூண்டும் ஜிப்ரெலின் என்னும் வளர்ச்சிப் பொருளை உண்டாக்கும் திறன் இக்கொடியில் குன்றியிருப்பதே காரணம் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பூவில்லையேல் விதையில்லை. ஆகவே உலகெங்கும் இது தண்டை வெட்டி நட்டே பெருகுகிறது. நண்பர் ஒருவரிடமிருந்து நீங்கள் பெற்றுவந்த துண்டும் கைமாறிக் கைமாறி வந்ததுதான். திருடி வந்த கொடியே செல்வம் தரும் என்று சிலர் சொல்வதுண்டு. கேட்டுப் பெற்ற கொடியும் அதே விரைவில்தான் வளரும். செடிக்கு அவ்வேறுபாடு தெரியாது.

இனி வளர்க்கும் முறையைக் காண்போம். வெட்டும் துண்டில் ஒரு கணுவேனும் இருத்தல் வேண்டும். கணுவினருகே பழுப்பு நிறத்தில் சிறு முளை போன்ற காற்றுவேர் தோன்றும். அதற்குச் சற்றுக் கீழே வெட்டி நீரிலோ மண்ணிலோ வைத்தால் சில வாரங்களில் வேர் பரவும். கணுவில்லாத இலைக்காம்பை நட்டால் இலை சிலகாலம் வாடாதிருக்கலாம், புதுக்கொடி தோன்றாது.

இக்கொடிக்கு ஒளி வேண்டும், கடுவெயில் ஆகாது. காலை வெயில் படும் கிழக்குச் சன்னலோரம் நன்று. உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும்; இருள் மிகுந்தால் இலையிலுள்ள மஞ்சள் வரிகள் மங்கி, முழுதும் பச்சையாகிவிடும். வெப்பமண்டலக் கொடியாதலால் குளிரும் இதற்குப் பகை. மார்கழி, தை மாத இரவுகளில் இவ்வட்டாரத்துக் குளிர் நீங்கள் அறிந்ததே. அந்நாட்களில் மாடித் திண்ணையிலுள்ள தொட்டியை அறைக்குள் எடுத்து வைத்தல் நலம்.

தொட்டிச் செடிகள் மடிவதற்குப் பெரும்பாலும் காரணம் நீரின்மையன்று, நீர் மிகுதியே. வேர்கள் சுவாசிப்பன. மண்ணின் துளைகள் யாவும் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும், இலை மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டு அஞ்சி மேலும் நீர் ஊற்றுவோர் செடியைக் கொல்கின்றனர். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் செலுத்திப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். செம்மண்ணுடன் தேங்காய் நார்த்தூளும் மக்கிய எருவும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்பினால் நீர் தேங்காது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதியாயின் மண்ணின் மேல் வெண்மையாகப் படியும். மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது அதற்கு எளிய மருந்து.

முல்லைக் கொடி பற்றுக்கோடின்றி வாடக் கண்டு தேரையே ஈந்தான் பாரி என்பது நீங்கள் படித்த செய்தி. கொடியின் இயல்பை அறிந்த உள்ளம் அது. மணி பிளாண்டும் பற்றி ஏறும் இனமே. காட்டில் பெருமரங்களைப் பற்றி ஏறும்போது இதன் இலை முறம் போல் அகன்று, கிழிந்த விளிம்புடன் தோன்றும். கீழ்நோக்கித் தொங்கவிட்டால் சிறுத்துவிடும். தேர் வேண்டாம், தேங்காய் நார் சுற்றிய ஒரு கோலை நட்டு, அதை ஈரமாக வைத்திருந்தால் போதும்.

இனிக் கவனத்திற்குரிய மூன்று செய்திகள்.

முதலாவது, கொசு. தெளிந்த நீர் நிற்கும் பாட்டில், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவிற்கு உகந்த இடம். அது நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமோ பத்து நாளோ போதும். முட்டைகள் உலர்ந்தும் பல மாதங்கள் உயிருடன் இருக்க வல்லவை. ஆதலால் நீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை பாட்டிலின் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வாயைப் பஞ்சினாலோ மெல்லிய துணியாலோ அடைத்து வைக்கலாம். இது இயலாதவர்கள் கொடியை மண்ணுக்கு மாற்றிவிடுவதே முறை. நம் அலட்சியத்தால் அடுத்த வீட்டுக் குழந்தை காய்ச்சலில் விழலாகாது.

இரண்டாவது, நஞ்சு. பச்சைச் சேம்பு நாவில் அரிப்பதற்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உள்ளன. மென்றால் வாய் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைக்கும் பூனை நாய்களுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மூன்றாவது, காடு. தேன்கனிக்கோட்டையைச் சூழ்ந்த வனப்பகுதி யானைகள் நடமாடும் இடம். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இப்பக்கத்தது. அழகுச் செடியாக அயல்நாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி இன்று நம் காடுகளில் புதராக மண்டி, விலங்குகளுக்குரிய புல்லை வளரவொட்டாமல் தடுக்கிறது. மணி பிளாண்டும் இலங்கையில், கண்டியிலுள்ள உடவத்தகெலே வனத்தில், தரையையும் மரங்களையும் மூடிப் பரவியிருக்கிறது. நம் காடு அத்துணை ஈரமுடையதன்று; எனினும் ஓடைக்கரை நிழலில் ஒரு கணு விழுந்தால் வேரூன்றக்கூடும். கத்தரித்த தண்டுகளை ஓடையிலோ காட்டோரத்திலோ எறியாதீர்கள்; வெயிலில் நன்கு உலர்த்தியபின் எருக்குழியில் இடுங்கள்.

இக்கொடி அறைக் காற்றைத் தூய்மை செய்யும் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு பெட்டியினுள் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. காற்று வந்துபோகும் வீட்டில் அப்பயன் கிட்ட, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று 2019-இல் வெளியான மறு ஆய்வு கணக்கிட்டது. தூய காற்று வேண்டுமாயின் சன்னலைத் திறவுங்கள்.

செல்வமும் தூய காற்றும் தராவிடில் இக்கொடி எதற்கு என்று கேட்கலாம். ஓர் உயிருக்கு ஒளி எவ்வளவு, நீர் எவ்வளவு, பிடிப்பு எவ்வளவு என்று நாள்தோறும் நோக்கி அறிவதே ஒரு கல்வி. அதற்குச் செலவில்லை, நண்பரிடம் கேட்டுப் பெற்ற கணுவுள்ள ஒரு துண்டும், ஒரு தொட்டி மண்ணும் போதும்.