கணக்கு வைக்காத அன்பு

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த கிறிஸ்துமஸ் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



கேக் வெட்டக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். 34 ஆண்டுகள் வங்கியில் எழுத்தராக இருந்தவன் நான். பற்று வரவு தவிர வேறொன்றும் தெரியாது. கடவுளின் அன்பைப் பற்றியும் அந்த வழியாகத்தான் சொல்ல வருகிறது.

நாம் வழக்கமாகக் காட்டும் அன்புக்கு ஒரு நோட்டு உண்டு. அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாம் ஐந்நூறு வைத்தோமே, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் எவ்வளவு மொய் எழுதினார் என்று புரட்டிப் பார்க்கிறோம். உலகம் அப்படித்தான் ஓடுகிறது. நம்மை நேசிப்பவர்களை மட்டும் நேசிப்பதில் என்ன பெருமை இருக்கிறது, வரி வசூலிப்பவர்கள்கூட அதைச் செய்கிறார்களே என்று இயேசு மலைப்பொழிவில் கேட்டார்.

மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் அவர் ஒரு கதை சொல்கிறார். அரசனுக்குப் பணியாள் ஒருவன் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. பெருக்கிப் பாருங்கள், 6 கோடி நாள் கூலி! எந்த மேலாளரும் வாராக்கடன் என்றே எழுதுவார். அரசன் மனமிரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்தான். வெளியே வந்த பணியாளோ, தனக்கு வெறும் 100 தெனாரியம் தர வேண்டியிருந்த சக பணியாளின் கழுத்தைப் பிடித்துச் சிறையில் தள்ளினான்.

சிறுவயது முதல் கேட்ட கதைதான். அந்தப் பணியாள் நான்தான் என்று தெரிய அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

1999-இல் என் தம்பி தொழில் தொடங்க, பி.எஃப். கடன் எடுத்து ஒரு லட்சம் கொடுத்தேன். தொழில் நொடித்தது. பணம் திரும்பவில்லை. நான் ஒரு டைரியில் வருடா வருடம் வட்டி போட்டு எழுதி வந்தேன். அவன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

இந்த ஆண்டு தவக்காலத்தில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரத்தை எங்கள் பங்குத்தந்தை விளக்கினார். பிறர் செய்த தீமையை அன்பு மனத்தில் வைப்பதில்லை என்ற பொருளில் ஓர் இடம் வருகிறது. அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல், கணக்கில் எழுதி வைப்பதற்கும் வழங்கிய சொல்லாம். எனக்குச் சுருக்கென்றது. ஆபீசில் பார்த்த வேலையை வீட்டிலும் விடாமல் பார்த்திருக்கிறேன்.

டைரியை எடுத்துக் குறுக்கே கோடு போட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். அரைமணி நேரம் பேசினான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. போனை வைத்த பிறகுதான் உணர்ந்தேன்: "மன்னிச்சிடுண்ணே" என்று அவன் சொல்வான் என நான் காத்திருந்திருக்கிறேன். அசலைத் தள்ளுபடி செய்துவிட்டு, வட்டியை வேறு வடிவில் எதிர்பார்த்திருக்கிறேன்.

நம் அன்புக்கும் கடவுளின் அன்புக்கும் உள்ள தூரம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாம் திருந்தி வரட்டும் என்று காத்திராமல், அதற்கு முன்பே கிறிஸ்து நமக்காக உயிரைக் கொடுத்தார் என்பது எங்கள் விசுவாசம். எனக்கு அந்த அளவு இன்னும் வரவில்லை. ஆனால் பொங்கலுக்குத் தம்பி குடும்பத்தோடு வருகிறான்.

நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மனத்தில் உள்ள நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பார்க்கிங் சண்டை, மேல்வீட்டுத் தண்ணீர்க் கசிவு, பேசாமல் விட்ட உறவு என்று ஏதாவது ஒரு பாக்கி இருக்கும். ஒன்றையாவது அடித்துவிடுங்கள். பராமரிப்புக் கட்டணப் பாக்கியைச் சொல்லவில்லை, செயலாளர் என்னை முறைக்கிறார்!

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.